நம்மட வயல்

என் கூட்டாளிக்கு 'என்ட', 'உன்ட' என்கிற இரண்டு சொற்களும் வாயில் வராது. எல்லாம் 'நம்மட'தான். என் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு நம்மட சைக்கிளுக்குக் காற்றுப் போதாது என்பான். என் அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலை அவிழ்த்து வைத்துக்கொண்டு நம்மட அம்மாவின் கைக்குத் தனி ருசி என்பான். மற்றப் பொடியன்களுக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வராது. கூடப்பிறந்தவர் யாரும் இல்லாமல் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லில் என்ன இருந்தது என்பது, வீடு நிறைய அண்ணன் தம்பியோடு வளர்ந்தவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. ஐம்பது வயதைத் தாண்டும்வரை அந்த ஒரு சொல்லுக்காக அவன் பின்னால் திரிந்தேன்.

நாங்கள் படித்தது புளியந்தீவில். பள்ளி நூலகத்தின் ஓர் அலுமாரியில் மொழிபெயர்ப்புக் கதைப்புத்தகங்கள் இருந்தன. பலவற்றுக்கு அட்டை கிடையாது. பறக்கும் பாம்பு, பேசும் மரம், இருட்டு இராச்சியம் என்று சோடனை மாறும். உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒரு சாதாரண ஆளிடம் ஒரு பொல்லாத பொருள் வந்து சேரும். அது கையில் இருந்தால் உலகமே சொல்வழி கேட்கும். ஆனால் வைத்திருப்பவன் உள்ளுக்குள் கெட்டுப்போவான். ஆகையால் எங்கோ தூரத்துக்குக் கொண்டுபோய் அதை அழிக்கவேண்டும். அந்தப் பயணத்தில் அவனோடு ஒரு கூட்டாளி போவான். மூட்டை தூக்குவான், சமைப்பான், காவல் இருப்பான், தலைவன் சந்தேகப்பட்டு ஏசினாலும் விட்டுப் போகமாட்டான். புத்தகத்தை எப்போதும் என் கூட்டாளிதான் முதலில் வாசிப்பான். என் கைக்கு வரும்போது முடிவையும் சொல்லி முடித்திருப்பான்.

விடுமுறையில் அந்தக் கதைகளை வாவியில் நடித்துப் பார்த்தோம். என் மாமாவின் காளைக் கழுத்தில் கிடந்த வெண்கல மணிதான் பொல்லாத பொருள். அதை ஆட்டினால் எவனும் அடிபணியவேண்டும் என்பது எங்கள் சட்டம். தோணியில் வாவி நடுவுக்குப் போய் அதைத் தண்ணீருக்குள் போட்டால் உலகம் பிழைக்கும். நான் கம்பு ஊன்ற, அவன் முன்னால் மணியோடு நிற்பான். நடுவுக்குப் போனதும் மணியை உயர்த்திப் பிடித்துப் பார்த்தான். பிறகு காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நம்மட மணிதானே, கிடக்கட்டும் என்றான். அதற்காக மாமாவிடம் அடி வாங்கியவன் நான். மணி அவன் வீட்டில் கன காலம் கிடந்தது.

தலைவனைவிடக் கூட்டாளிதான் பெரியவன் என்று அந்த வயதில் நான் வாதாடுவேன். அவன் அந்தப் பொருளுக்கு ஆசைப்படவே இல்லையே என்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவன் கையில் யார் அதைக் கொடுத்தார்கள்? கொடுத்துப் பார்த்தால் அல்லவா தெரியும்.

அந்தச் சொல்லுக்கு நான் அடிமையானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரச்சினைக் காலத்தில் ஒரு சுற்றிவளைப்பின்போது ஊர் ஆண்களையெல்லாம் கோயில் வளவில் இருத்தினார்கள். அடையாள அட்டை இல்லாத என்னை வேறாகப் பிரித்து நிறுத்தினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை, என் சொந்தக்காரர் உட்பட. அவன் மட்டும் எழும்பினான். அவனுக்குச் சிங்களம் நாலு சொல் தெரியும். என்னைக் காட்டி 'அபே' என்றான். நம்மட. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு சிப்பாய் துவக்குப் பிடியால் அவன் முதுகில் ஒன்று போட்டுவிட்டு என்னை அவன் பக்கம் தள்ளிவிட்டான். பிரித்து நிறுத்தப்பட்ட மற்றவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இதை மறைத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னால் நான் பொய்யன்.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். நான் களுதாவளைப் பக்கம் போனேன். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், என் மனைவிக்கு அவள் தாய் கொடுத்த சீதன வயல் இருந்தது. செய்கை என்னுடையது, உறுதிப் பத்திரம் அவள் பெயரில். அவனும் அதே ஊரில்தான் கலியாணம் முடித்தான். அந்த வீட்டில் வயல் இல்லை. சின்னதாக ஒரு கடை வைத்திருந்தான். நான் வயலுக்குப் போகும் நாட்களில் கடையை மனைவியின் தலையில் கட்டிவிட்டு, வாவியைக் கடக்கும் பாதையில், அந்த மிதவைப் படகில், என்னோடு ஏறிவிடுவான். மண்வெட்டி பிடிக்கமாட்டான். குடையோடு வரம்பில் நின்று, நம்மட வேளாண்மை இந்தமுறை திறம் என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்வான். எனக்கு அது பெருமையாக இருந்தது.

வட்டை என்கிற அந்த வயல்வெளி முழுவதற்கும் ஒரு குளம், குளத்துக்கு ஒரு துருசு. துருசைத் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் அதிகாரம் வட்டை விதானையாருக்கு. செய்கைக்காரர்கள் கூட்டம் கூடிக் கை தூக்கி அவரைத் தெரிவு செய்வார்கள். பழைய விதானையார் பாரிசவாதத்தில் விழுந்தபோது அந்த வேலையை ஒருவரும் விரும்பவில்லை. தண்ணீர் கூடினாலும் ஏச்சு, குறைந்தாலும் ஏச்சு. ஒரு போகத்துக்கு மட்டும் நான் பார்க்கிறேன், பிறகு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று அவன் எழும்பினான். பெயரை முன்மொழிந்தவன் நான். அவனுக்கு அங்கே வயல் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நம்மட வயல் எது என்று வட்டைக்கே தெரியும்.

துருசுத் திறப்பு வீட்டுச் சாவி மாதிரி அல்ல. இடுப்பளவு இரும்புத் தண்டு, தலையில் குறுக்குப் பிடி. குளக்கட்டுக் கோயிலின் அறைக்குள் வைப்பதுதான் வழமை. அவன் களவு போய்விடும் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனான். பாதையில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினால் ஆட்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். கடைக்காரன் என்று அவனைத் திரும்பியும் பாராத பெரிய வயல்காரப் போடிமார் விதானையார் வாறார் என்று எழும்பத் தொடங்கினார்கள். ஒருநாள் பாதை ஆடியதில் திறப்புச் சரிந்தது. விழாமல் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"என்ட திறப்பத் தொடாத," என்றான்.

அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதலாவது 'என்ட' அதுதான். பிறகு சிரித்துக்கொண்டு, கையில் துரு ஒட்டும் மச்சான் என்று சமாளித்தான். ஒரு போகம் போய் அடுத்த போகம் வந்தது. அதுவும் போனது. திறப்பை யாருக்காவது கொடுக்கும் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

பிறகு மழை ஏமாற்றிய ஒரு சிறுபோகம் வந்தது. குளத்தில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விடுவார்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல் முதலில் குடிக்கும், பிறகு மேலே வரும். விதானையாருடைய சொந்த வயல் எல்லாவற்றுக்கும் பிறகுதான். இது எழுதி வைத்த சட்டம் அல்ல, ஆனால் இதை மீறிய விதானை மறுபோகம் விதானையாக இருந்ததில்லை. முறை சொல்வதற்காகக் குளக்கட்டுக் கோயிலடியில் எல்லோரையும் கூட்டினான். திறப்பை முன்னால் ஊன்றிக்கொண்டு, "நம்மட வயல் கடைசியாக் குடிக்கும்," என்றான். சனம் கை தட்டியது. நானும் தட்டினேன். இரண்டு மூன்று தட்டுக்குப் பிறகுதான் அவன் சொன்னது என் மனைவியின் வயலை என்பது மண்டையில் ஏறியது.

மற்ற வயல்களெல்லாம் குடித்து முடிய எங்கள் முறை வந்தது. எங்கள் பயிர் குடலையில் நின்றது. கதிர் வெளியே வரப்போகும் நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும், உள்ளே மணி இருக்காது. குளத்தில் அடித்தண்ணீர் இன்னும் கிடந்தது. விடிய வெள்ளனத் துருசடிக்குப் போனேன். அவன் அங்கே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். ஒருநாள் விட்டால் போதும், மேலால் நனைந்தாலே பிழைத்துக்கொள்ளும் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"கிடக்கிற தண்ணி மாடு கண்டுக்கு வேணும். அத நம்மட வயலுக்குத் திறந்தா ஊர் என்ன கதைக்கும்? நம்மட பேர் கெட்டுரும் கா."

"எனக்குப் பேர் வேணாம் மச்சான். நெல்லுத்தான் வேணும்."

"சின்னனில வாசிச்சதெல்லாம் மறந்து போச்சா? கூட்டாளி எண்டா அப்படித்தானே நிப்பான். நீ நிக்காட்டி ஆரு நிக்கிற?"

அந்தப் பழைய அட்டை கிழிந்த புத்தகங்களை எடுத்து என் முகத்தில் அடித்தான். அவன் இன்னொருவருக்குத் தண்ணீரை விற்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன், சத்தியமாக. களவெடுக்கிறவனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். இவனுக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. நல்லவன் என்ற பெயருக்கு வயிறு காய்ந்து கிடந்தான், அதை நிரப்ப என் மனைவியின் வயல் வேண்டியிருந்தது.

கதிர் வந்தது, வெள்ளையாக, நேராக. மணி பிடித்த கதிர்தான் தலை சாயும். கசக்கிப் பார்த்தால் எல்லாம் சப்பி, வெறும் உமி. மாட்டை விட்டோம். என் மனைவி வரம்பில் நின்று மாடுகள் தின்பதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கால் கழுவியபிறகுதான் வாய் திறந்தாள்.

"அது என்ட வயல். என்ட அம்மா தந்தது. ஊருக்குத் தானம் குடுக்க உங்கட ரெண்டு பேருக்கும் ஆரு சொன்ன?"

அந்த வருசம் கடை அரிசி வாங்கித் தின்றோம். வயல்காரன் வீட்டில் கடை அரிசி வேகும் மணம் அடுத்த வீட்டுக்குத் தெரியும். அவனோ ஊரில் சாமியாகிவிட்டான். பாதையில், சந்தையில், செத்த வீட்டில் என்று எங்கே போனாலும் தன் வயலைக் காயவிட்டு ஊரைக் காத்த மனிசன் என்ற பேச்சுத்தான். கோயில் திருவிழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நம்மட குடும்பம் எனக்குத் துணையாக நின்றது என்று ஒலிபெருக்கியில் சொன்னான். கீழே என் மனைவி எழும்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் வீட்டுக்கு வந்தான். இந்தமுறையும் நீதான் என் பெயரைச் சொல்லவேண்டும், நீ சொன்னால் வேறு எவனும் வாய் திறக்கமாட்டான் என்றான். என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நம்மட தங்கச்சிக்குக் கோபம் போலக் கிடக்கு என்று சிரித்தான். அவள் உள்ளே போனாள். பார்ப்போம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கூட்டத்தில் நான் முன்மொழியத் தேவைப்படவில்லை. முன்மொழிய ஆட்கள் போட்டி போட்டார்கள். தன் கூட்டாளியின் வயலென்றும் பாராதவன், அவனைப்போல நீதிமான் எங்கே கிடைப்பான் என்று ஒரு போடியார் பேசினார். என் வீட்டுப் பட்டினி அவனுக்கு நற்சான்றிதழ் ஆகியிருந்தது. ஆனால் அந்தமுறை கூட்டத்தை நடத்த வந்த அரசாங்க உத்தியோகத்தர் புதியவர், இளம் பெண். வட்டைக்குள் செய்கை பண்ணுகிறவர்தான் விதானையாக வரலாம் என்று சொல்லி, உங்கள் வயல் எது ஐயா என்று அவனைக் கேட்டார்.

"நம்மட வயல்தான் பிள்ளை," என்று அவன் வாய்க்கு வந்தபடி சொன்னான்.

"நம்மட எண்டா ஆருட?"

சனம் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினான். எல்லாத் தலையும் திரும்பியது. நான் ஓம் என்றால் போதும், சேர்ந்துதான் செய்கிறோம் என்று ஒரு பொய் சொன்னால் போதும். அன்று கோயில் வளவில் அவன் சொன்னதும் பொய்தானே, நான் அவனுக்கு என்ன உறவு? அடி வாங்கிய அந்த முதுகு என் கண் முன்னால் வந்தது. வந்துவிட்டுப் போனது. பிறகு கடை அரிசி மணம் வந்தது. நான் எழும்பினேன்.

"அது என்ட மனுசிட வயல். இவருக்கு இந்த வட்டையில ஒரு வரம்பும் இல்ல."

வயல் போனதைவிட 'இவருக்கு' என்றதுதான் அவனைக் குத்தியது. அறிந்த நாள் முதல் அவனை நான் டேய் என்றும் மச்சான் என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன். அந்நியருக்குக் கொடுக்கும் மரியாதையை அன்றுதான் அவனுக்குக் கொடுத்தேன். உத்தியோகத்தர் வேறு பெயர் கேட்டார். பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொன்னார்கள். செய்கைக்காரன், உண்மை பேசுகிறவன் என்றார்கள். மறுக்கலாம் என்றுதான் எழும்பினேன். அதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன.

திறப்பை ஒப்படைக்கச் சொன்னபோது அவன் விடவில்லை. நான் இழுத்துத்தான் எடுத்தேன். பிடி அவன் கைச்சூட்டில் இருந்தது. தோளில் வைத்துக்கொண்டு நடந்தபோது ஆட்கள் வழி விட்டார்கள். எனக்கு அது பிடித்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், கலியாண மாலையைவிடப் பிடித்தது.

அவன் சும்மா இருக்கவில்லை. மறுமுறை கூட்டத்தில் 'உன் வயல் எது' என்று கேட்டால் காட்டுவதற்காக, வாய்க்காலின் கடைசியில் ஒரு துண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்தான். கடையை மூடினான். ஐம்பது வயதுக்கு மேல் மண்வெட்டி பிடித்து உள்ளங்கை கிழிந்தது. அவன் மனைவி நாற்று நட வந்தாள். பாதையில் கண்டால் நான் வாவியைப் பார்ப்பேன், அவன் திறப்பைப் பார்ப்பான். இந்தச் சிறுபோகத்தில் மழை மறுபடி ஏமாற்றியது. கோயிலடியில் கூட்டம் கூட்டினேன். கடைசி வயல் முதலில் குடிக்கும் என்பது முறை. அந்த முறைப்படி முதல் தண்ணீர் அவனுக்கு. அவன் முன்வரிசையில் அதற்காகவே வந்து இருந்தான்.

விதானையாரின் வயல் கடைசியாகக் குடிக்கவேண்டும் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். என்னிடம் வயல் இல்லை, அது மனைவியின் வயல் என்பதைச் சபையிலேயே சொல்லிவிட்டேனே என்றேன். அவள் வயல் அதன் முறையில் குடிக்கும். ஆனாலும் வழக்கத்தை நான் முறிக்கமாட்டேன் என்று அவன் துண்டு வயல் இருக்கும் திசைக்குத் திறப்பை நீட்டினேன்.

"நம்மட வயல் கடைசியாக் குடிக்கும்," என்றேன்.

அவன் எழும்பினான். "அது என்ட வயல்," என்றான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வயலுக்கு 'என்ட' என்றான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கூட்டாளிகளுக்குள் என்ட உன்ட என்ன என்று அந்தப் போடியாரே கேட்டார். பிறகு கை தட்டினார்கள். அந்தக் கை தட்டலுக்குப் பழகிவிட்டால் விடுவது கஷ்டம் என்பது எனக்கு விளங்கியது. அவனை அன்றைக்குத்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன். விளங்கியும் இரக்கம் வரவில்லை.

குடலைப் பருவத்தில் துருசடிக்கு வந்தான். மச்சான், ஒருநாள் தண்ணீர் என்றான். நம்மட பேர் கெட்டுரும் கா என்றேன். அவன் அழவில்லை, ஏசவும் இல்லை. சுற்றிவளைப்பு நாளைப் பற்றிச் சொல்லிக்காட்டுவான் என்று காத்திருந்தேன், அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். அவன் அதைச் சொல்லவே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாகத் திரும்பிப் போனான். போன கிழமை அவன் வயலில் மாடுகள் நின்றன. அவன் மனைவி வரம்பில் இருந்தாள்.

எங்கள் வயலில் இந்தமுறை நல்ல விளைச்சல். புது நெல் வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி கூடத்தைக் கூட்டினாள். சுவரோடு சாத்தி வைத்திருந்த திறப்பை நகர்த்தக் கையை வைத்தாள். நான் கதிரையில் இருந்தேன்.

"என்ட திறப்பத் தொடாத."

அவள் கையை எடுத்தாள்.

"ஓம். உங்கடதான்," என்றாள்.

திறப்பு நின்ற இடத்தைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் எனக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, மாலையில் ஒரு பெட்டி நெல்லை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறாள். அது அவள் நெல், நான் கேட்க முடியாது.